கல்லெறிந்தவனுக்கு வலிக்காத தண்டனை

2023 நவம்பர் 22 விடிவதற்கு முன்பே எங்கள் தெருவில் பல வீடுகளில் விளக்கு எரிந்தது. ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில் பிரேசிலும் அர்ஜென்டினாவும் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மோதின. நம் நேரப்படி காலை ஆறு மணிக்கு ஆட்டம். எங்கள் வடசென்னை வியாசர்பாடியைப் பற்றி எழுத வருகிற பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் ‘மினி பிரேசில்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே அர்ஜென்டினாக் கட்சி எத்தனை பெரியது என்பதை அவர்கள் கவனிப்பதே இல்லை. ஒரே வீட்டில் அண்ணன் மஞ்சள் சட்டை, தம்பி வெள்ளையும் நீலமும். சாப்பாட்டு வேளையில்கூட இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

தேசிய கீதம் ஒலிக்கும்போதே கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த கேலரியில் அடிதடி தொடங்கிவிட்டது. இரு நாட்டு ரசிகர்களையும் பிரிக்காமல் அருகருகே உட்கார வைத்திருந்தார்கள். நாற்காலிகள் பறந்தன. போலீசார் தடியோடு புகுந்து அர்ஜென்டினா ரசிகர்களை விளாசினார்கள். கோல்காப்பாளர் எமிலியானோ மார்ட்டினஸ் தடுப்பின் மீது எம்பி ஒரு போலீஸ்காரரின் தடியைப் பிடுங்கப் பார்த்தார். மெஸ்ஸி தன் அணியை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்துத்தான் பந்து உருண்டது. ஒட்டமென்டி தலையால் முட்டிய கோலில் அர்ஜென்டினா 1-0 என வென்றது. பிறகு ஃபிஃபா விசாரித்து பிரேசில் சங்கத்துக்கு 50,000 சுவிஸ் ஃபிராங்க், அர்ஜென்டினா சங்கத்துக்கு 20,000 சுவிஸ் ஃபிராங்க் என்று அபராதம் விதித்தது.

நாற்காலியைப் பிடுங்கி எறிந்தவனுக்கு இதில் ஒரு காசு நட்டம் உண்டா? தடியால் மண்டையைப் பிளந்தவருக்கு? ஒன்றும் இல்லை. சங்கத்தின் வங்கிக் கணக்கிலிருந்து கொஞ்சம் பணம் சூரிச்சுக்குப் போனது, அவ்வளவுதான்.

சர்வதேசக் கால்பந்தில் ரசிகர்களின் அட்டகாசத்துக்குக் கொடுக்கப்படும் தண்டனைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. ஆட்ட விதிகளை எழுதியவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்கள் தரப்பு வாதம் இதுதான்: ஃபிஃபாவுக்கும் ஐரோப்பாவின் யூஃபாவுக்கும் ரசிகனோடு எந்த உறவும் கிடையாது. அவன் அவர்களுடைய உறுப்பினன் அல்ல. அவனைக் கூப்பிட்டு விசாரிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. கைக்கு எட்டுகிறவை உறுப்பினரான சங்கமும் கிளப்பும் மட்டும். ஆகவே சங்கத்தைப் பார்த்து ‘நீ தவறு செய்தாயா’ என்று கேட்பதில்லை. ‘உன் ஆள் செய்தானா’ என்பதோடு விசாரணை முடிந்துவிடும். சங்கம் எத்தனை கவனமாக இருந்தாலும் பொறுப்பு அதனுடையதே. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருக்கும் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயமும் இதைச் சரியென்றே ஏற்றிருக்கிறது. அபராதத்தில் தொடங்கி, கேலரியின் ஒரு பகுதியை மூடுவது, மைதானத்தையே மூடுவது, வேறு ஊரில் ஆட வைப்பது, புள்ளிகளைக் குறைப்பது, போட்டியை விட்டே துரத்துவது என்று தண்டனைகள் படிப்படியாக ஏறும்.

இதில் மைதானத்தை மூடுவது என்ற தண்டனைதான் எனக்கு ஆறவே இல்லை. அதற்குச் சொந்தக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். முதலில் புடாபெஸ்ட்.

2021இல் நடந்த, ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பைப் போட்டியில் ஹங்கேரி ரசிகர்களில் ஒரு பிரிவினர் இனவெறிக் கூச்சல், தன்பாலின ஈர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் பதாகை என்று எல்லை மீறினார்கள். யூஃபா ரசிகர்கள் இல்லாமல் ஆட வேண்டும் என்று தண்டித்தது. அந்தத் தண்டனை 2022 ஜூன் 4 அன்று புடாபெஸ்டில் நடந்த இங்கிலாந்து ஆட்டத்தில் நிறைவேறியது. ஆனால் விதியில் ஒரு சந்து இருந்தது: பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெரியவர்களோடு இலவசமாக அனுமதிக்கலாம். ஹங்கேரிச் சங்கம் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் அழைத்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து நிறைந்தார்கள். ஆட்டத்துக்கு முன் இங்கிலாந்து வீரர்கள் இனவெறிக்கு எதிராக மண்டியிட்டார்கள். அந்தப் பிள்ளைக் கூட்டத்திலிருந்து ஏளனக் கூச்சல் எழுந்தது.

பெரியவர்கள் கத்தியதற்காக மைதானத்தை மூடினார்கள்; உள்ளே வந்த பிள்ளைகள் அதையே கத்தினார்கள். அந்தச் சின்னஞ்சிறு வாய்களில் அதைப் போட்டவர்கள் அன்று வீட்டில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து ஆட்டத்தை நிம்மதியாகப் பார்த்திருப்பார்கள். ஹங்கேரி வேறு 1-0 என வென்றது.

ஒரு வாரம் கழித்து இங்கிலாந்தும் அதே தண்டனையை அனுபவித்தது. 2021 ஜூலை 11 அன்று வெம்பிளியில் நடந்த யூரோ இறுதியாட்டத்தில் டிக்கெட் இல்லாதவர்கள் கதவுகளை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். அதற்கு ஒரு லட்சம் யூரோ அபராதம், ரசிகர்கள் இல்லாமல் ஓர் ஆட்டம். வெம்பிளியில் கதவை உடைத்ததற்கு வுல்வர்ஹாம்ப்டனில் காலி இருக்கைகள். டிக்கெட்டுக்குப் பணம் கட்டி ஒழுங்காக வரிசையில் நின்று உள்ளே போனவர் 2021இல் மிதிபட்டார்; 2022இல் அவருக்கு டிக்கெட்டே இல்லை.

இப்போது என் சொந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

கோடை விடுமுறையில் எங்கள் பகுதியில் எழுவர் கால்பந்துப் போட்டி நடத்துகிறோம். மைக் பிடிப்பதும் கணக்கு நோட்டு எழுதுவதும் என் வேலை. மைதானத்தைச் சுற்றிக் காம்பவுண்டுச் சுவரும் ஓர் இரும்புக் கேட்டும் உண்டு. ஆடுகளத்துக்கும் பார்ப்பவர்களுக்கும் நடுவே வேலி எதுவும் கிடையாது. சவுக்குக் கட்டை நட்டு, அதில் நைலான் கயிறு கட்டுவோம். சுண்ணாம்புப் பொடியைத் துளையிட்ட பால் பவுடர் டப்பாவில் போட்டுத் தட்டிக்கொண்டே நடந்து கோடு போடுவோம். மதியத்துக்குள் அந்தக் கோட்டில் பாதி பார்க்க வந்தவர்களின் செருப்பில் ஒட்டிக்கொண்டு போய்விடும். கார்னர் அடிக்க வருபவன், ‘கொஞ்சம் நகருங்கள் அண்ணே’ என்று கேட்டுத்தான் பந்தை வைப்பான்.

ஓர் ஆண்டு அரையிறுதியில் ஆஃப்சைடு தகராறு. கூட்டத்திலிருந்து பறந்து வந்த ஜல்லிக்கல் ஒன்று லைன்ஸ்மேனின் காதைக் கிழித்தது. வெள்ளைச் சட்டையின் தோள் பக்கம் முழுக்க ரத்தம். மனிதர் கொடியைக் கீழே போடாமல் நின்றார், ஆஃப்சைடு ஆஃப்சைடுதான் என்கிற மாதிரி. யார் எறிந்தது என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மாலையில் வெளியே தெருவில் அடிதடி ஆனது. போலீஸ் வந்தது. மறுநாள் கேட்டில் பெரிய பூட்டு தொங்கியது. அந்தக் கோடை முழுவதும் அது திறக்கப்படவில்லை.

எறிந்தவன் என்ன ஆனான்? அடுத்த வாரம் வேறொரு பகுதியில் நடந்த போட்டியில் ஆடிக்கொண்டிருந்தான். இங்கே தினமும் காலையில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சுவரேறிக் குதித்து விளையாடினார்கள், பிடிபட்டால் அடி. பெண்கள் அணிக்கு அதுவும் முடியவில்லை. சுவரேறத் தெரியாமல் அல்ல. சுவரேறிக் குதித்துத்தான் ஆட வேண்டும் என்றால் எந்த வீட்டில் அனுப்புவார்கள்? அந்த அணியில் சிலர் அத்தோடு நின்றுவிட்டார்கள். மறுபடி வரவே இல்லை.

கேட்டைப் பூட்டியவர்களிடம் பேசப் போனோம். ‘உங்கள் ஏரியாவே அப்படித்தான்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. வடசென்னையில் பிறந்தவர்கள் இந்த வரியை வேலைக்கான நேர்காணலிலும் கேட்டிருப்பார்கள், வீடு வாடகைக்குக் கேட்கும்போதும் கேட்டிருப்பார்கள். முகவரியைக் குற்றவாளியாக்குவதில் ஒரு வசதி இருக்கிறது. யாரையும் தேட வேண்டியதில்லை, சாட்சி வேண்டியதில்லை. ஒரு பூட்டு போதும்.

எங்கள் போட்டியில் ஒரு பழைய விதி உண்டு. எந்தப் பக்கத்து ஆள் தகராறு செய்கிறானோ, அந்தப் பக்கத்துக் கேப்டன்தான் போய் அவனைக் கயிற்றுக்கு வெளியே அனுப்ப வேண்டும். ஐந்து நிமிடம் அவகாசம். முடியாவிட்டால் எதிரணிக்கு வாக் ஓவர். இதைக் கொண்டுவந்தவர் பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன். விசிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கல்யாணத்துக்கும் வருபவர். அதுவும் கூட்டுத் தண்டனைதானே, ஒருவன் செய்ததற்கு ஏழு பேர் தோற்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவரிடம் கேட்டேன். ‘தம்பி, அந்தக் கேப்டனுக்கு அவன் பெயர் தெரியும், அவன் அம்மா பெயரும் தெரியும். அதனால்தான் கேப்டனிடம் கேட்கிறேன். தெரியாதவனிடம் கேட்பேனா?’ என்றார்.

யூஃபாவின் தடித்த விதிப்புத்தகத்தில் இது இல்லை என்றே நினைக்கிறேன். ஒரு கூட்டத்தைத் தண்டிக்கலாம், அந்தக் கூட்டத்தால் கல்லெறிந்த கையைப் பிடிக்க முடியும் என்றால் மட்டும். பிடிக்கவே முடியாத இடத்தில் கூட்டத்தைத் தண்டித்தால், அந்தத் தண்டனை கல்லெறிகிறவனின் கையில் இன்னொரு கல்லாகிவிடும்.

நான் கற்பனையாகச் சொல்லவில்லை. குரோவேஷியாவில் இது நடந்தது. 2015 ஜூன் மாதம் ஸ்பிளிட் நகரில் இத்தாலிக்கு எதிரான யூரோ தகுதிச் சுற்று. முந்தைய ஆட்டமொன்றில் இனவெறிக் கூச்சல் எழுந்ததற்குத் தண்டனையாக அந்த ஆட்டமே ரசிகர்கள் இல்லாமல்தான் நடந்தது. காலி மைதானம். ஆனால் புல்தரையில் ஏதோ ரசாயனம் தெளித்து ஸ்வஸ்திகா சின்னம் வரையப்பட்டிருந்தது. ஆட்டம் நடக்க நடக்க அது தொலைக்காட்சியில் பளிச்சென்று தெரிந்தது. இடைவேளையில் ஊழியர்கள் மண்ணைத் தூவி மறைக்கப் பார்த்தும் முடியவில்லை. யூஃபா குரோவேஷியாவின் புள்ளியில் ஒன்றைக் குறைத்தது. ஒரு லட்சம் யூரோ அபராதம், மேலும் இரண்டு ஆட்டங்களுக்குப் பூட்டு. பூட்டிய மைதானத்தில் நடந்த குற்றத்துக்கு மறுபடி பூட்டு!

அடுத்த ஆண்டு பிரான்சில் யூரோ. செக் குடியரசுக்கு எதிராக குரோவேஷியா 2-1 என முன்னிலையில் இருந்தது. முடிய ஐந்து நிமிடம்கூட இல்லாத நேரத்தில் குரோவேஷிய கேலரியிலிருந்தே எரியும் தீப்பந்தங்கள் களத்துக்குள் விழுந்தன. ஆட்டம் நின்றது, தாளம் தப்பியது. பிறகு கிடைத்த பெனால்டியில் செக் அணி சமன் செய்தது. தங்கள் நாட்டுச் சங்கத்தின் தலைமை மீதான வெறுப்பில், சங்கத்துக்கு யூஃபாவின் தண்டனை கிடைக்க வேண்டும் என்றே இதைச் செய்தார்கள் என்று அங்கே பரவலாகப் பேசப்பட்டது. பயிற்சியாளர் ஆன்டே சாச்சிச் அவர்களை விளையாட்டுத் தீவிரவாதிகள் என்று திட்டினார். சங்கத்தை அடிக்க நினைத்தவர்களுக்கு யூஃபாவே பிரம்பை எடுத்துக் கொடுத்துவிட்டது.

இதே விதியைக் களத்திலிருந்தும் சுரண்டலாம். 1989 செப்டம்பர் 3, மறுபடியும் மரக்கானா. உலகக் கோப்பைத் தகுதியாட்டத்தில் பிரேசிலிடம் சிலி தோற்றுக்கொண்டிருந்தது. கேலரியிலிருந்து ஒரு தீப்பந்தம் வந்து சிலி கோல்காப்பாளர் ராபர்ட்டோ ரோஹாஸ் அருகில் விழுந்தது. அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு சரிந்தார், ரத்தம். சிலி அணி களத்தை விட்டு வெளியேறியது. பிரேசிலைத் தண்டித்தால் சிலிக்கு வழி திறந்திருக்கும். ஆனால் தீப்பந்தம் அவர் மேல் படவே இல்லை என்று புகைப்படம் காட்டிக்கொடுத்தது. கையுறைக்குள் ஒளித்து வைத்திருந்த பிளேடால் தன் நெற்றியைத் தானே கீறிக்கொண்டிருக்கிறார் மனிதர். ரோஹாஸுக்கு வாழ்நாள் தடை. பிற்பாடு 2001இல் நீக்கினார்கள். சிலிக்கு 1994 உலகக் கோப்பையில் இடமே இல்லை. அன்று அந்தப் புகைப்படம் மட்டும் இல்லாதிருந்தால் அத்தனை பழியும் கேலரியின் தலையில்தான் விழுந்திருக்கும்.

கேலரியின் தலையில் பழி போடுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு இங்கிலாந்தைவிடப் பெரிய பாடம் இல்லை. 1985 மே 29, பிரசெல்ஸின் ஹெய்செல் மைதானம். கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்துக்கு முன் லிவர்பூல் ரசிகர்கள் பக்கத்து கேலரிக்குள் பாய்ந்தார்கள். பின்வாங்கியவர்கள் மீது சுவர் இடிந்தது. 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இத்தாலியர்கள். இங்கிலாந்து கிளப்புகள் எல்லாமே ஐந்து ஆண்டு ஐரோப்பியப் போட்டிகளில் ஆடக் கூடாது, லிவர்பூல் ஆறு ஆண்டு. லிவர்பூல் ரசிகர்கள் 14 பேர் ஆட்கொலைக் குற்றத்துக்காகச் சிறை சென்றார்கள். அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் அந்த ஆண்டு லீக்கை வென்ற எவர்ட்டன் என்ன செய்தது? அதன் ரசிகர் ஒருவர்கூட பிரசெல்ஸில் கை ஓங்கவில்லை. அந்தத் தலைமுறையின் ஐரோப்பியக் கோப்பைக் கனவு அத்தோடு போனது.

நான்கு ஆண்டுகள் கழித்து ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம். ரசிகன் என்றால் ரவுடி என்று அதற்குள் எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது. அவர்களை அடைக்க கேலரிக்கு முன்னால் உயரமான இரும்பு வேலி. 1989 ஏப்ரல் 15 அன்று காவல்துறையே ஒரு கதவைத் திறந்துவிட, ஏற்கெனவே நிரம்பியிருந்த கேலரிக்குள் கூட்டம் நெருக்கியடித்தது. வேலியில் நசுங்கிச் செத்த லிவர்பூல் ரசிகர்கள், பிற்பாடு இறந்தவர்களையும் சேர்த்து, 97 பேர். குடித்துவிட்டு வந்து கதவை உடைத்தார்கள் என்று காவல்துறை தரப்பு சொன்னது, பத்திரிகைகள் எழுதின. இல்லை, காவல்துறையின் தவறே காரணம், அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று ஜூரி சொல்ல 2016 ஆனது. வேலிகளை எடுக்கவும் எல்லோருக்கும் இருக்கை போடவும் சொன்ன நீதிபதி டெய்லரின் விசாரணை அறிக்கை 1990இலேயே வந்துவிட்டது. பழியைத் துடைக்கத்தான் அத்தனை காலம். 2022இல் பாரிஸில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தன்று அதே லிவர்பூல் ரசிகர்கள் மீது கண்ணீர்ப்புகை வீசிவிட்டு, போலி டிக்கெட், தாமதம் என்று முதலில் அவர்களையே குறை சொன்னார்கள். யூஃபா தானே நியமித்த சுயாதீனக் குழு, முதன்மைப் பொறுப்பு யூஃபாவுடையது என்று எழுதிக் கொடுத்தது.

கொல்கத்தாவையும் சொல்ல வேண்டும். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்கால் – மோகன் பகான் ஆட்டத்தில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். 2012 டிசம்பரில் சால்ட் லேக்கில் அதே இரு அணிகள். கேலரியிலிருந்து வந்த கல் மோகன் பகானின் ரஹீம் நபியின் முகத்தைப் பதம் பார்த்தது. இடைவேளைக்குப் பிறகு மோகன் பகான் களமிறங்க மறுத்தது. அதற்கு அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் இரண்டு ஆண்டுத் தடை விதித்து, பிறகு அதை விலக்கி இரண்டு கோடி ரூபாய் அபராதமாக்கியது. அடிபட்டவனின் அணிக்கு இரண்டு கோடி! அதே சால்ட் லேக்கில் 2023 ஆகஸ்டில் டுராண்ட் கோப்பையில் எங்கள் வியாசர்பாடியின் நந்தகுமார் சேகர் ஈஸ்ட் பெங்காலுக்காக அடித்த ஒரே கோல் மோகன் பகானை வீழ்த்தியது. இங்கே பட்டாசு வெடித்தோம். பதற்றமும் இருந்தது, அந்த கேலரியைப் பார்த்தால் யாருக்கும் இருக்கும்.

அப்படியானால் என்னதான் செய்வது? அடித்தவனைப் பிடி என்று சொல்வது எளிது. இங்கிலாந்து அதைச் செய்து காட்டியது. 2000ஆம் ஆண்டு யூரோ போட்டியின்போது பெல்ஜியத்தின் ஷார்லரோவா நகரில் அவர்கள் ரசிகர்கள் செய்த கலவரத்துக்குப் பின், அணியையே வெளியேற்றுவோம் என்று யூஃபா எச்சரித்தது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. நீதிமன்றம் ஒரு தனிமனிதரின் பெயரில் தடையாணை போடும்: மூன்று ஆண்டு முதல் பத்து ஆண்டு வரை மைதானப் பக்கம் வரக் கூடாது, வெளிநாட்டில் ஆட்டம் இருந்தால் பாஸ்போர்ட்டைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். டென்மார்க்கில் 2007இல் சுவீடனுடனான ஆட்டத்தில் ஒருவர் களத்துக்குள் ஓடி நடுவரை அடிக்கப் பாய்ந்தார். ஆட்டம் சுவீடனுக்கு 3-0 என்று எழுதப்பட்டது. டென்மார்க் சங்கம் அந்த மனிதர் மீதே நட்டஈட்டு வழக்குப் போட்டது. இவை எனக்குப் பிடித்த தண்டனைகள். வலி போக வேண்டிய முகவரிக்குப் போகிறது.

ஆனால் இதே யோசனையை எங்கள் ஊர்க்காரர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். பட்டியல் என்றாலே எங்களுக்கு அலர்ஜி. இங்கே காவல் நிலையப் பதிவேட்டில் ஒருமுறை பெயர் ஏறிவிட்டால், பண்டிகை வந்தாலும் தேர்தல் வந்தாலும் அமைச்சர் வந்தாலும் கதவைத் தட்டி நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவார்கள். இருபது வயதில் செய்த சண்டைக்கு நாற்பது வயதில், பிள்ளைகள் முன்னால், ஜீப்பில் ஏற வேண்டும். இங்கிலாந்தின் தடையாணையில் நான் மதிப்பது பாஸ்போர்ட் பறிப்பை அல்ல. அதை ஒரு நீதிமன்றம் போடுகிறது, அதற்கு ஒரு கடைசித் தேதி இருக்கிறது. முடிவுத் தேதியில்லாத பட்டியலைவிட, சொல்லப்போனால், கேட்டில் தொங்கும் பூட்டே தேவலாம். அதுவாவது ஒரு நாள் திறக்கும்.

சங்கத்தைச் சும்மா விட்டுவிடச் சொல்லவில்லை. மரக்கானாவில் இரு தரப்பையும் பிரிக்காமல் உட்கார வைத்தது யார்? வெம்பிளிக் கதவுகளில் போதிய ஆள் நிறுத்தாதது யார்? யாருக்கு டிக்கெட் விற்கிறோம் என்று தெரிந்தே விற்பது யார்? அவற்றுக்காகச் சங்கத்தை வலிக்க வலிக்கத் தண்டிக்கட்டும், புள்ளியைக் குறைக்கட்டும். தான் செய்ததற்குத் தண்டனை என்றால் திருந்த வழி உண்டு. மெக்ஸிகோ ரசிகர்கள் எதிரணிக் கோல்காப்பாளர் பந்தை உதைக்கும்போதெல்லாம் ஒரு வசைச்சொல்லைக் கத்துகிறார்கள். ஃபிஃபா பல ஆண்டுகளாக அபராதத்துக்கு மேல் அபராதம் போட்டுப் பார்த்துவிட்டது. 2023இல் லாஸ் வேகஸில் அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தை, அந்தக் கூச்சலால், நடுவர் கூடுதல் நிமிடங்கள் தீரும் முன்பே முடிக்க வேண்டி வந்தது. சங்கத்தின் பணம் ரசிகனின் தொண்டையை அடைக்காது.

இந்தக் கோடைக்கான குழுக் கூட்டம் முடிந்தது. மைதானத்தின் இரு மூலைகளிலும் கேமரா வைப்பது என்று முடிவாகியிருக்கிறது. கேபிள் டிவிக்காரத் தம்பி ஒருவர் இலவசமாகவே பொருத்தித் தருகிறேன் என்கிறார். அடுத்த கல் பறந்தால் யார் என்று சண்டை போட வேண்டியதில்லை. அந்தக் காட்சி யாரிடம் இருக்கும் என்பதில்தான் இழுபறி. காவல் நிலையத்துக்குத் தினமும் கொடுத்துவிடலாம், அப்போதுதான் அனுமதி சிக்கலில்லாமல் கிடைக்கும் என்கிறார் ஒருவர். கூடாது, தகராறு நடந்தால் அந்தத் துண்டை மட்டும் கொடுக்கலாம், மற்றதைப் போட்டி முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. விசில் அண்ணன் கேமராவே வேண்டாம், கேப்டன் போதும் என்கிறார். வாக்கெடுப்பு வேண்டாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்காரலாம் என்று கலைந்தோம்.